மேயப் போன விலாசம்

ஆறு ஒன்றுதான். ஆனால் அதற்கு வடக்கே ஒரு நாடு, தெற்கே ஒரு நாடு. வடகரை நாட்டில் மழை பெய்தால் ஆறு வீட்டுக்குள் வரும். தென்கரை நாட்டில் மழை பெய்தால் ஆறு ஆற்றிலேயே ஓடும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் மரகதவல்லி தன் குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு படகேறித் தென்கரைக்கு வந்தாள்.

வடகரையில் அவள் போட்ட மண்ணடுப்பு எதுவும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை. வெள்ளம் வந்து கரைத்துக்கொண்டு போகும். தண்ணீர் வடிந்ததும் அவள் மறுபடி களிமண் குழைப்பாள். தென்கரையில் போட்ட அடுப்போ, மழை பெய்து ஓய்ந்த பிறகும் போட்ட இடத்திலேயே குந்தியிருந்தது. "செத்தாலும் இந்த அடுப்பை விட்டு நகர மாட்டேன்!" என்று அவள் அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்ததால் சத்தியம் சற்று உரக்கவே வந்தது.

குடும்பம் என்றால் அவள், கணவன் கூத்தபிரான், கணவனின் தம்பி மாசிலாமணி, அவளுடைய தாய்மாமன் சோணாசலம். இவர்களில் சோணாசலம்தான் சட்டம் தெரிந்தவர். வடகரையில் ஒருமுறை பெருமழைக்கு நீதிமன்ற வாசலில் வெகுநேரம் ஒதுங்கி நின்றிருக்கிறார். யாருக்கு மூளை அதிகம் என்று அந்த வீட்டில் சண்டையே வந்ததில்லை. ஒவ்வொருவரும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, மற்றவர்கள் மனம் நோகக்கூடாதே என்று வெளியே சொல்லாமல் இருந்தார்கள்.

தென்கரையில் அயலார் தங்க வேண்டுமானால் குடியேற்ற அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அங்கே அதிகாரி பொன்னுரங்கம். கோபமே வராத மனிதர் என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயர் இந்தக் கதைக்கு முன்பு வாங்கியது.

"விலாசம்?" என்று கேட்டார் அவர்.

"எருமைமாடு கட்டியிருக்கிற வீட்டுக்கு எதிர்வீடுங்க" என்றான் கூத்தபிரான்.

அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். "ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். விலாசம் மாறினால் உடனே வந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்த படகில் ஏற்றி அனுப்பிவிடுவேன்."

மறுநாள் காலை எதிர்வீட்டுக்காரர் எருமையை அவிழ்த்து மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். குடும்பமே வாசலில் நின்று வெறுங்கட்டுத்தறியைப் பார்த்தது.

"மாமா, இப்ப எதிர்ல எருமை இல்லையே. அப்ப நாம எங்கே இருக்கோம்?" என்றான் மாசிலாமணி.

சோணாசலம் கண்ணை மூடி யோசித்தார். "சட்டப்படி பார்த்தா நாம இங்கே இல்லை."

"ஐயோ! அடுப்புல உலை வச்சிருக்கேனே!" என்று அலறினாள் மரகதவல்லி.

நாலு பேரும் அலுவலகத்துக்கு ஓடினார்கள். வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு போய், மூச்சிரைக்க, "ஐயா, எங்க விலாசம் மேயப் போயிருக்குங்க!" என்றார்கள்.

சாயங்காலம் மறுபடி வந்தார்கள். "விலாசம் திரும்பி வந்திருச்சுங்க. வயிறு நிறைஞ்சிருக்கு."

தினமும் இதுவே நடந்தது. ஒருநாள், "விலாசம் குளத்துல படுத்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. அதட்டினா முட்ட வருது" என்று சேறும் சகதியுமாக வந்து நின்றான் மாசிலாமணி. பொன்னுரங்கம் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த எருமை எங்கே போனாலும் சரி, எதிர்வீட்டில் கட்டியிருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இது என் உத்தரவு."

அப்படியே வைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் அந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு இவர்கள் முற்றத்துக்கே வந்து, கொடியில் காய்ந்த மாசிலாமணியின் வேட்டியை நிதானமாக மென்று தின்றது. யாரும் விரட்டவில்லை. எதிர்வீட்டில் கட்டியிருக்கிற மாட்டை இங்கிருந்து எப்படி விரட்டுவது?

இப்படியாக நாள் ஓடியது. தற்காலிகச் சீட்டு எத்தனை நாளைக்கு உதவும்? குடியுரிமை வாங்கிவிட்டால் அடுப்பை யாரும் அசைக்க முடியாது என்று மரகதவல்லி முடிவு செய்தாள். மனுவோடு குடும்பப் படம் வைக்க வேண்டும் என்றார்கள். படம் பிடிக்கப் போனார்கள்.

அன்றைக்குப் பார்த்துக் கூத்தபிரானுக்குப் பல்வலி. வலது கன்னம் போண்டா மாதிரி வீங்கியிருந்தது. படக்காரர் "அசையாதீங்க!" என்று சொன்ன நொடியில் மாசிலாமணிக்குத் தும்மல் வந்து பாதியில் நின்றது. சோணாசலம் மதில்மேல் வந்து உட்கார்ந்த காக்கையைத் திரும்பிப் பார்த்தார். மரகதவல்லி மட்டும் ஒழுங்காக நின்றாள். அவள் மூக்கின் மேல் ஒரு ஈ உட்கார்ந்தது. அசையக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அவள் அதை ஓட்டவில்லை. ஈயும் அசையவில்லை.

அலுவலகக் குமாஸ்தா படத்தை வாங்கி ஒரு பிரதியை மனுவிலும் இன்னொன்றைப் பழைய அனுமதிச் சீட்டிலும் ஒட்டினார். "மழைக்காலம் முடிந்ததும் நேர்காணல். அன்றைக்குப் படமும் முகமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் ஆளே வேறு என்று அர்த்தம். மனு தள்ளுபடி. நேரே படகுத்துறைதான்."

மழைக்காலம் முடிந்தது. நேர்காணலுக்கு முதல் நாள் மரகதவல்லி எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அவள் விரல் கூத்தபிரானின் வலது கன்னத்தில் வந்து நின்றது.

"ஏங்க, உங்க பல்லு இப்ப வலிக்குதா?"

"இல்லையே. நல்லா இருக்கு."

"நல்லா இருக்காம்! கேட்டீங்களா மாமா? குடும்பத்தைப் பத்தி இந்த மனுஷனுக்கு ஏதாவது கவலை இருக்கா?"

கூத்தபிரான் தலைகுனிந்தான். "நான் என்ன வேணும்னா பண்ணினேன்? அதுவா சரியாப் போச்சு வல்லி."

"அண்ணி, நான் ஒரு குத்து விடட்டுமா? வீங்கிரும்" என்று அன்போடு கேட்டான் மாசிலாமணி.

"குத்து இடது பக்கம் விழுந்துட்டா என்னடா பண்றது? அப்புறம் மூணாவது ஆளாயிருவார்" என்றார் சோணாசலம். அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. வலது கன்னத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை அடக்கிக்கொள்வது என்று தீர்மானமாயிற்று. மாசிலாமணிக்கு மூக்குப்பொடி. சோணாசலத்துக்குத்தான் சிக்கல்.

"நீங்க சும்மா கழுத்தைத் திருப்பிக்கிட்டு நில்லுங்க மாமா" என்றாள் மரகதவல்லி.

"காக்கா இல்லாமலா? இல்லாத காக்காயைப் பார்த்தேன்னு அரசாங்கத்தை ஏமாத்தச் சொல்றியா? என் உடம்புல ஓடுறது நல்ல ரத்தம்மா."

ஆகவே மறுநாள் கிளம்பும்போது அலுவலகச் சன்னலில் வைக்க ஒரு துண்டுக் கருவாடு எடுத்துக்கொண்டார்கள். மரகதவல்லி தன் மூக்கில் வெல்லப்பாகு தடவிக்கொண்டாள். ஈக்கள் ஒன்றுக்குப் பத்தாக வந்தன. "ஒண்ணுதான் படத்துல இருக்கு, ஒண்ணுதான் இருக்கு" என்று அவள் மற்றவற்றிடம் வழிநெடுகக் கெஞ்சிக்கொண்டே போனாள்.

பொன்னுரங்கம் நிமிர்ந்து பார்த்தார். மைக்கூட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பெயர்?"

"ஊத்தவிரா" என்றான் கூத்தபிரான், எலுமிச்சம்பழம் அடக்கிய வாயோடு.

"உங்கள் பெயர்?" என்று பெரியவரைக் கேட்டார்.

"சோணாசலம்" என்று சன்னலில் இருந்த காக்கையிடம் பணிவாகச் சொன்னார் சோணாசலம். கருவாட்டைக் கொத்திக்கொண்டிருந்த காக்கை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டது.

மாசிலாமணியிடம் எதுவும் கேட்க முடியவில்லை. வாயைத் திறந்து, கண்ணை மூடி, பாதித் தும்மலில் நடுங்கிக்கொண்டு நின்றான். முழுதாகத் தும்மிவிட்டால் ஆளே வேறு ஆகிவிடுமே என்று உயிரைப் பிடித்துக்கொண்டு அடக்கினான்.

அதிகாரி கடைசியாக மரகதவல்லியிடம் திரும்பினார். "நீயாவது சொல்லம்மா. எதற்காக இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்கிறாய்?"

வழக்கமாக எல்லாரும் இந்த நாட்டின் பெருமை, சட்டத்தின் மாண்பு என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிப்பார்கள். மரகதவல்லிக்கு அதெல்லாம் தெரியாது.

"என் அடுப்பு இங்கே இருக்குங்க" என்றாள். "அங்கே வருஷா வருஷம் கரைஞ்சு போயிரும். இங்கே போட்ட இடத்துலயே இருக்கு. அதான்."

பொன்னுரங்கம் மனுவைப் பக்கத்தில் இழுத்தார். ஏதோ இளகியது போலத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து அவள் மூக்கிலிருந்த ஈ பறந்து போய் அவர் மூக்கில் உட்கார்ந்தது.

"ஐயா, அசையாதீங்க!" என்று கத்தினாள் மரகதவல்லி. "அது எங்க ஈ!"

நாலு பேரும் மேசை மேல் பாய்ந்தார்கள். மாசிலாமணியின் தும்மல் அதற்கு மேல் தாங்கவில்லை. மனுக்கள் அறை முழுதும் பறந்தன. காக்கை கருவாட்டோடு உள்ளே வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் கூத்தபிரான் வாயிலிருந்து தெறித்து மைக்கூட்டில் விழுந்தது.

சத்தம் அடங்கியதும், முகமெல்லாம் மையாக, பொன்னுரங்கம் குமாஸ்தாவைக் கூப்பிட்டார்.

"மனுவைத் தள்ளுபடி செய்தால் என்ன ஆகும்?"

"மேல்முறையீடு செய்ய வருவார்கள் ஐயா."

"தற்காலிகச் சீட்டே போதும் என்று விட்டால்?"

"ஆண்டுதோறும் புதுப்பிக்க வருவார்கள் ஐயா."

"குடியுரிமை கொடுத்துவிட்டால்?"

"இந்த அலுவலகத்துக்கு வர வேண்டிய அவசியமே இல்லை ஐயா."

பொன்னுரங்கம் முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். அத்தனை ஆசையாக அவர் எதற்கும் முத்திரை குத்தியதில்லை.

குமாஸ்தா விதிப்படி எல்லாவற்றையும் விளக்கினார். "இன்றிலிருந்து நீங்கள் அயலார் அல்ல. இந்த நாட்டுக் குடிமக்கள். பழைய சீட்டு இனிச் செல்லாது. அனுமதி இல்லாத அயலார் எங்காவது தங்கியிருப்பது தெரிந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும். அது உங்கள் கடமை."

வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, பாயசம் வைத்துக் குடித்தார்கள். அடுப்பை மெழுகலாம் என்று மேடையைத் துடைத்த மரகதவல்லியின் கையில் பழைய சீட்டு அகப்பட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவள் முகம் மாறியது.

"ஏங்க, இங்கே வாங்களேன். யாரோ அயலாராம். நாலு பேராம். எருமைமாடு கட்டியிருக்கிற வீட்டுக்கு எதிர்வீட்டுல தங்கியிருக்காங்களாம்!"

"அது நம்ம வீடாச்சே!" என்றான் கூத்தபிரான்.

"சீட்டு வேற செல்லாதாம்."

படத்தை எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். "எங்கேயோ பார்த்த மூஞ்சியா இருக்கு" என்றான் மாசிலாமணி. சோணாசலம் படத்தையும் கூத்தபிரானையும் மாறி மாறிப் பார்த்தார். "நம்ம மாப்பிள்ளை சாயல் இருக்கு. ஆனா படத்துல இருக்கிறவனுக்குக் கன்னம் வீங்கியிருக்கு. படமும் முகமும் வேறயா இருந்தா ஆளே வேறன்னு குமாஸ்தாவே சொல்லியிருக்கார். இது வேற குடும்பம்தான்."

பரணில் தேடினார்கள். நெல்குதிருக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். மாசிலாமணி குதிருக்குள் முழுதாக இறங்கிவிட்டதால், ஒருவன் அகப்பட்டான் என்று கூத்தபிரான் வெளியிலிருந்து அவனை நாலு சாத்து சாத்தினான். அயலார் யாரும் சிக்கவில்லை.

மறுநாள் காலை பொன்னுரங்கம் தேநீர் குடித்தபடி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வாசலில் நாலு தலைகள் தெரிந்தன. பாட்டு நின்றது.

"ஐயா, எங்க வீட்டுல அனுமதி இல்லாம நாலு பேர் இருக்காங்க" என்று சோணாசலம் சீட்டை மேசைமேல் வைத்தார். "ஒருத்தன் கன்னம் வீங்கினவன். ஒருத்தன் ஓயாமத் தும்முறவன். ஒரு கிழவன், வேலைவெட்டி இல்லாம காக்காயைப் பார்த்துக்கிட்டிருக்கான்."

"ஒரு பொம்பளையும் இருக்கா" என்றாள் மரகதவல்லி. "மூக்குல ஈ உட்கார்ந்தாக்கூட ஓட்டத் தெரியாதவ."

பொன்னுரங்கம் படத்தைப் பார்த்தார். எதிரே நின்றவர்களைப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக அலுவலக நேரத்தில் ஒரு பொய் சொன்னார்.

"அவர்களா? நேற்றே படகில் ஏற்றி அனுப்பிவிட்டேன். இனி வர மாட்டார்கள். நீங்களும் வர வேண்டாம்."

நிம்மதியாகப் போய்விடுவார்கள் என்று நினைத்தார். மரகதவல்லியின் கண்கள் கலங்கின.

"அனுப்பிட்டீங்களா? அந்தப் பொம்பளையையுமா?"

"எல்லாரையும்தான்."

"அங்கே போனா அவ அடுப்பு கரைஞ்சு போயிருமேய்யா!" அவள் அலுவலகத்தின் நடுவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "அவளும் என்னை மாதிரிப் பிழைக்க வந்தவதானே? ஏதோ ஈயை ஓட்டத் தெரியலைங்கிறதுக்காக இப்படியா செய்வீங்க? அவங்களைக் கூப்பிட்டுச் சீட்டு குடுக்கிறவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. பொன்னுரங்கம் நெற்றியைத் தடவிக்கொண்டார். பழைய சீட்டை இழுத்து முத்திரை குத்தினார்.

"எங்கே தங்குவார்கள்?"

"எங்க வீட்டுலதான். பாவம், வேற எங்கே போவாங்க?"

குமாஸ்தா மெல்லக் குனிந்தார். "ஐயா, இதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்."

"அதுக்கென்ன, அவங்க சார்பா நாங்க வந்து புதுப்பிச்சுத் தர்றோம்" என்றார் சோணாசலம். "எருமை கன்னு போட்டா அதையும் வந்து சொல்லிர்றோம்."

பொன்னுரங்கம் தலையை மேசைமேல் வைத்தவர்தான். அதன் பிறகு வெகுநேரம் நிமிரவில்லை.

அன்றிலிருந்து மரகதவல்லி இரண்டு குடும்பத்துக்குச் சேர்த்து உலை வைக்கிறாள். அந்த நாலு பேரும் கூச்ச சுபாவம். ஒருநாளும் முகம் காட்டுவதில்லை. ஆனாலும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் பானை காலியாகத்தான் இருக்கிறது. அவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தெரிந்து இவர்களுக்கு வயிறும் மனமும் நிறைந்துவிடுகிறது.

மரகதவல்லிக்கு ஒரே ஒரு குறைதான். "இவ்வளவு செய்யறேன்" என்று அடுப்பை ஊதிக்கொண்டே அவள் சொல்வாள். "அந்தப் பொம்பளை ஒருநாளாவது வந்து ஒரு கை உதவியிருக்காளா?"