ஐஸ்பெட்டிப் பிக்

திண்டுக்கல்லில் ஒரு கல்யாண வரவேற்பில் கச்சேரி நின்றுபோனது. கிதார் வாசிக்கும் ஆல்வினுடைய இத்தாலிப் பிக் தொலைந்துவிட்டது. பிக் என்றால் கம்பியை மீட்டுகிற நகமளவு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான்.

"அது இல்லாம டோன் வராது. வாசிக்க மாட்டேன்," என்று ஆல்வின் நாற்காலியில் சாய்ந்தார். பழி குழுவின் வேன் டிரைவர் அருளப்பன்மேல் விழுந்தது. "உன் வண்டியிலதான் விழுந்திருக்கும். கொண்டா. இல்லேன்னா நாளைக்கு வேற டிரைவர்."

டிரைவர் வேனைக் குடைந்தார். அகப்படவில்லை. பந்திப் பக்கம் ஓடிப்போய்த் திரும்பி வந்தார். ரோஸ் நிறத் துண்டு ஒன்றைப் பவ்யமாக நீட்டினார்.

"அண்ணே, இது அதைவிட ஒசத்தி. ஐஸ்பெட்டியில பதப்படுத்தினது. தொட்டுப் பாருங்க."

சில்லென்றிருந்தது. ஆல்வின் ஒரு மீட்டு மீட்டினார். "ஆஹா! இதுய்யா டோன்!"

அப்புறம் அவரைப் பிடிக்க ஆளில்லை. மாப்பிள்ளை மாலையோடு குதித்தார். பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஆல்வின் மைக்கைப் பிடித்தார். "ஒசத்திப் பிக்கோட மகிமை! காதுள்ளவனுக்குத் தெரியும்!"

அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் மேடையேறினார். கையில் ரோஸ் நிற ஐஸ்கிரீம் டப்பா மூடி, நடுவில் ஓட்டை. "எவன்யா வெட்டுனது?" ஆல்வின் விரலிலிருந்த துண்டைப் பிடுங்கி ஓட்டையில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

மண்டபமே உருண்டு சிரித்தது.

"ஏமாத்திட்டியேடா!" என்று ஆல்வின் டிரைவர்மேல் பாய்ந்தார்.

"வாசிச்ச விரல் உங்களுதுண்ணே, மூடிதான் இவருது. டோன் மூடியிலதான் இருக்குன்னா சொல்லுங்க, கிதாரை இவர்கிட்டயே குடுத்துடலாம்."

ஆல்வின் துண்டைத் திரும்ப வாங்கி அடுத்த பாட்டை ஆரம்பித்தார். வேன் டிரைவர் மாறவில்லை. இன்றைக்கும் அதே அருளப்பன்தான்.