செங்கமலத்தின் கொலுசுக்கு நடந்த சோதனை

உமிக்காடு என்ற ஊரில் மூளையைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறவர்கள் அதிகம். அவர்களில் அய்யாவு கொஞ்சம் கூடுதலாகவே சேமித்தவர்.

அவர் மகள் செங்கமலத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பேச்சியம்மா கொலுசைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தாள். "இது வெள்ளியே இல்ல. சோதிச்சுச் சொல்லுங்க. அப்புறந்தான் தாலி."

அய்யாவு உடனே டவுனுக்கு ஓடி ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாரைப் பிடித்தார். வாத்தியார் நல்ல மனுஷர். ஆசிட்டும் சின்னத் தராசும் கொடுத்து, நிதானமாகச் சொன்னார்.

"ஒரு துணுக்கு வெட்டி ஆசிட்ல கரைங்க. உப்புத்தண்ணி ஊத்தினா தயிர் மாதிரி வெள்ளையா அடியில தங்கும். வடிகட்டிக் கழுவி, வெளிச்சம் படாம காயவச்சு நிறுங்க. எடை மாறாம நிக்கிற வரைக்கும் விடாதீங்க. அந்தப் பொடியில நாலுல மூணு பங்கு வெள்ளி, ஒரு பங்கு உப்புலேர்ந்து வந்தது."

வீட்டில் மச்சினன்மார் காத்தமுத்துவும் மாசிலானும் காத்திருந்தார்கள்.

"துணுக்கைச் சோதிச்சா துணுக்குதானே வெள்ளின்னு ஆகும்?" என்றான் காத்தமுத்து. "மிச்சக் கொலுசுக்கு யாரு சாட்சி?"

நியாயந்தானே! இரண்டு கொலுசையும் முழுசாகப் போட்டுக் கரைத்தார்கள். உப்புத்தண்ணி ஊற்றினார்கள். வாத்தியார் சொன்னபடியே வெள்ளையாகத் தங்கியது. அது காய்கிறவரை வெளிச்சம் படக்கூடாதென்று மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாசிலான் குறட்டையே விட்டுவிட்டான்.

காய்ந்த பொடியை நிறுத்து, நாலு குவியலாகப் பிரித்தார்கள்.

"இதுல எது மச்சான் உப்பு?" என்று கேட்டான் காத்தமுத்து.

அய்யாவு நெடுநேரம் யோசித்தார். மகள் வாழ்க்கை அல்லவா! "அடுப்படிப் பக்கம் இருக்கிற குவியல்தான். உப்புக்கு அங்கதானே வேலை?"

அதை அள்ளி வெளியே கொட்டினார்கள். மிச்சத்தை நிறுத்தால் எடை குறைந்திருந்தது.

"அய்யய்யோ, எடை மாறிடுச்சே! மாறாம நிக்கிற வரைக்கும் விடக்கூடாதுன்னாரே!" என்று பதறினான் மாசிலான்.

மறுபடி நாலு குவியல். மறுபடி ஒன்றைக் கொட்டினார்கள். எடை மறுபடியும் மாறியது. பிடிவாதக்காரர்கள், விடவில்லை. மத்தியானத்துக்குள் தட்டு காலி. நிறுத்தார்கள். திரும்ப நிறுத்தார்கள். முள் அசையவே இல்லை.

"நின்னுடுச்சு!" என்று மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறகுதான் அய்யாவுக்கு அழுகை வந்தது. அப்படியானால் வெள்ளி துளியும் இல்லையே! கல்யாணம் நின்றுபோகுமே!

சாயங்காலம் பேச்சியம்மா வந்து நின்றாள்.

"மன்னிச்சுடுங்க சம்பந்தியம்மா. நீங்க சொன்னதுதான் சரி. கொலுசு முழுக்க உப்பு," என்று கையைப் பிசைந்தார் அய்யாவு.

"தண்ணியில கரைஞ்சுதா?"

"ஆசிட்டுல சுத்தமா கரைஞ்சுபோச்சு."

"நான் அப்பவே சொல்லல?" பேச்சியம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இவ்வளவு நேர்மையான சம்பந்தம் எனக்கு எங்க கிடைக்கும்? கல்யாணத்தை நடத்திடலாம். புதுசா ஒரு ஜோடி வாங்குங்க. ஆனா ஒண்ணு, இதே மாதிரி முழுசா சோதிச்சுட்டுத்தான் பொண்ணு கால்ல போடணும்."

அய்யாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அதுக்கென்ன சம்பந்தியம்மா! ஆசிட் இன்னும் அரை பாட்டில் இருக்கு."