பயமே இல்லாத கதைப் புத்தகம்

ஜெசிந்தா தன் ஆய்வு நெறியாளரிடம் கேட்டாள்.

“மேடம், குழந்தைகளுக்குப் பயமே தராத கதை எது?”

“ஆய்வுக்கா, வீட்டுக்கா?” என்றார் பேராசிரியர் மங்கையர்க்கரசி.

“ரெண்டுக்கும்தான்.”

ஜெசிந்தாவின் மகள் ரோஷ்ணிக்கு நாலு வயது. இதுவரை ஒரு கதையும் கேட்டதில்லை. எந்தப் புத்தகத்தையும் அம்மா முதலில் படித்துப் பார்ப்பாள். ஓநாய் வந்தால் புத்தகம் பீரோ மேலே போய்விடும்.

“நம்ம லைப்ரரியிலேயே தேடு. கிடைச்சா அதையே ஆய்வுத் தலைப்பா வச்சுக்கலாம்” என்றார் பேராசிரியர்.

அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் சிறுவர் இலக்கியத்துக்கென்று தனி அலமாரி கிடையாது. உள்ளே புரட்டிப் பார்க்காமல் தலைப்பை மட்டும் பார்த்து அடுக்கியிருந்தார்கள். ‘டாக்டர் முயல்’ கால்நடை மருத்துவத்தில் இருந்தது. ‘நிலாவில் சுட்ட தோசை’ வானியலில். ‘ஏழு வயிற்றுப் பூதம்’ இரைப்பை நோய்கள் பிரிவில், இரண்டு தடித்த மருத்துவ நூல்களுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தது.

ஜெசிந்தா மாடி மாடியாக ஏறி இறங்கினாள். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நெறியாளரிடம் காட்டினாள்.

“பூதத்தைப் பார்த்ததுமே வேண்டாம்னு வச்சுட்டேன் மேடம். இதுல ஒரு ஆட்டுக்குட்டி தொலைஞ்சு போகுது.”

“திரும்பி வருதா?”

“வருது. ஆனா நாலு பக்கம் கழிச்சு. அந்த நாலு பக்கமும் அது எங்கே இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.”

“சரி, இது?”

“இதுல அம்மா சந்தைக்குப் போறா.”

“போகட்டுமே.”

“கதவைப் பூட்டினதா எழுதலை மேடம்.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் கிடைத்துவிட்டது. பொதுச் சுகாதாரப் பிரிவில், ‘பல் தேய்ப்போம், பால் குடிப்போம்’. யாரும் தொலையவில்லை. யாரும் சந்தைக்குப் போகவில்லை. ஜெசிந்தா முகத்தில் பரீட்சை பாஸான களை.

“சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிட்டு வா” என்றார் பேராசிரியர்.

நூலகத்துக்குள் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. வாட்ச்மேன் வாசலிலேயே நிறுத்திவிட்டார். மூவரும் வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா வாசித்தாள். ரோஷ்ணி கோயிலில் பிரசங்கம் கேட்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

“அப்புறம்?”

“அப்புறம் பாபு பால் குடிச்சிட்டுத் தூங்கிட்டான்.”

“தூங்கும்போது யாரும் வரலியா?”

“யாரும் வரலை.”

“பாவம்” என்றாள் ரோஷ்ணி.

பேராசிரியர் தன் பையிலிருந்து ஏழு வயிற்றுப் பூதத்தை எடுத்து ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

“மேடம், இது அட்டைப் படத்திலேயே ஒரு ஊரை முழுங்குது.”

“வாசி.”

ஜெசிந்தா வாசித்தாள். குரல் தாழ்ந்துகொண்டே போனது. பூதம் ஊர் எல்லையில் வந்து வாயைத் திறந்ததும் புத்தகத்தை மூடினாள்.

“பூதம் வீட்டுக்குப் போயிடுச்சு. கதை முடிஞ்சது.”

“பொய். இன்னும் எவ்வளவு பக்கம் இருக்கு” என்றாள் ரோஷ்ணி.

மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. பூதம் மாட்டை முழுங்கியது. ரோஷ்ணி ஒரு படி நகர்ந்து வந்தாள். ரேஷன் கடையை வரிசையோடு முழுங்கியது. ரோஷ்ணி அம்மாவின் மடியில் ஏறி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். பூதம் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியபோது ஜெசிந்தாவின் குரல் நின்றேவிட்டது.

முந்தானைக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவள் விரலைப் பிடித்தது.

“வாசிம்மா. நான்தான் பிடிச்சிருக்கேன்ல.”

வாசித்தாள். ஏழாவது வயிற்றுக்குள் போன ஒரு சிறுமி உள்ளேயிருந்து கிச்சுக்கிச்சு மூட்ட, பூதம் சிரித்துச் சிரித்து ஊரையே வெளியே துப்பியது. ரேஷன் கடை வரிசையில் மட்டும், யார் முன்னால் நின்றது என்று சண்டை.

“மறுபடியும்” என்றாள் ரோஷ்ணி.

ஜெசிந்தா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

“என் தலைப்பு என்ன ஆகும் மேடம்?”

“அது கிடக்கட்டும். வேற ஏதாவது கேட்கணுமா?”

“ராத்திரி இவ பயந்து எழுந்தா?”

“எழுந்தா யாரைக் கூப்பிடுவா?”

“என்னைத்தான்.”

“நீ வீட்டிலதானே இருப்பே?” என்றார் பேராசிரியர்.