மினுக்கம் பார்த்து இறக்கிய பொங்கல்

கேட்டுக்கொண்டே வாருங்கள், கடைசியில் உங்களைத்தான் கேட்பேன்.

கொம்புப்பட்டி அம்மன் கோயிலில் ஆடிப் படையலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறவள் மூக்கையும் வாயையும் மஞ்சள் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். படைக்கும் முன்னால் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது, மோந்தும் பார்க்கக் கூடாது. வெல்ல மூட்டையைப் பிரிப்பதுகூடத் துணி கட்டிய பிறகுதான்.

பதினோரு வருஷமாக அந்தப் பொங்கல் கிண்டும் கரண்டி வேம்பாயி கையில். போன தையில் வந்த காய்ச்சல் அவள் நாக்கைச் சாகடித்துவிட்டுப் போனது. உப்பும் தெரியாது, புளிப்பும் தெரியாது. யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை. நாத்தனார் பூங்கோதை விடுவாளா? உப்பே போடாத மோரைக் கொடுத்தாள். வேம்பாயி குடித்துவிட்டு, "உப்பு எடுப்பா இருக்கு" என்றாள். போதாதா?

ஊர்க்கூட்டத்தில் போட்டு உடைத்தாள் பூங்கோதை. "மதினிக்கு நாக்கு செத்துப்போச்சு. ருசி தெரியாதவளுக்கு எதுக்குக் கரண்டி? எங்கிட்டக் கொடுங்க!"

பூசாரி பக்கத்திலிருந்த தமிழ் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் செருமிக்கொண்டார். "ருசிங்கிறது வடமொழிச் சொல். மினுக்கம், ஒளின்னு அதுக்குப் பழைய அர்த்தம் ஒண்ணு உண்டு. கண்ணுக்கு மினுங்கினது மனசுக்குப் பிடிச்சது, அப்படியே நாக்குக்கும் வந்து சேர்ந்துச்சு."

வேம்பாயி எழுந்து நின்றாள். "பாகு மினுங்குறது என் கண்ணுக்குத் தெரியும். அது போதும். ரெண்டு பானை வையுங்க. முறைப்படி வச்சு, யார் பானை ருசியோ அவளுக்குக் கரண்டி. தோத்தா நானே கரண்டியைத் தேய்ச்சு விளக்கிக் கொடுத்துடுறேன்."

ஒரே மூட்டை வெல்லம், ஒரே அரிசி. வேம்பாயி பாகின்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. அன்றைக்கு என்னவோ பாகு மங்கிக் கிடந்தது. பாலும் நெய்யும் கூடுதலாக விட்டு, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பொங்கல் மினுங்கிய பிறகுதான் இறக்கினாள்.

படைத்து முடித்து ஊர் சாப்பிட்டது. இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பூங்கோதை பானை ஒரு பிடி மேல். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"பின்னே? வெல்லம் உப்பாக் கரிச்சுது. அடுப்புல இருக்கும்போதே கண்டுபிடிச்சு, ரெண்டு சீப்பு வாழைப்பழம் பிசைஞ்சு போட்டேன்ல! மதினிக்குத் தெரிஞ்சுதா?"

ஊர் ஆமாம் போட்டது. வேம்பாயி கரண்டியை விளக்கத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தாள். பூசாரி மட்டும், "நில்லும்மா" என்றார்.

இப்போது சொல்லுங்கள், கரண்டி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: வேம்பாயிக்குத்தான். மூக்கும் வாயும் கட்டியிருந்தவளுக்கு வெல்லம் கரிப்பது எப்படித் தெரியும்? துணியை விலக்கி நக்கிப் பார்த்திருக்கிறாள். அம்மனுக்கு எச்சில் பொங்கலைப் படைத்துவிட்டு, அதையே பெருமையாகவும் சொல்லிவிட்டாள். அந்த அடுப்படியில் நாக்குக்கு வேலையே கிடையாது, அப்புறம் நாக்குச் செத்தது என்ன குறை? பூங்கோதை தலையைத் தொங்கப் போட்டாள். வேம்பாயி கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னாள்: "அழாத பூங்கோதை. நாளைக்கு நம்ம வீட்டுக் கொழம்புக்கு உப்புப் பார்க்க வா. அங்க உன் நாக்குதான் வேணும். மோரு மட்டும் நீ ஊத்தாத."