பனியிலும் கொதித்த தண்ணீர்

ஒரு மலை உச்சியில ஒரு யுனிவர்சிட்டி இருந்துச்சாம். காலை உள்ள இழுத்துக்கோ, போர்த்தி விடறேன். அந்த மலையில எப்பவும் பனி. எதிர்ல வர்றது புரொபசரா மாடான்னு பக்கத்துல வந்தாத்தான் தெரியும். ம் சொல்லு.

"ம்."

அவ்வளவு குளிர்லயும் ஹாஸ்டல் பிள்ளைங்க குழாயைத் திறந்தா தண்ணி சுடச்சுடக் கொட்டும். மெஸ்ஸுல இட்லி ஆவி பறக்கும். எல்லாம் எங்கேருந்து வருது? மெஸ்ஸுக்குப் பின்னாடி ஒரு கொட்டகை. அதுக்குள்ள யானை கணக்கா ஒரு பாய்லர். போஜன்னு ஒருத்தர் அதுக்கு விறகு போட்டுக்கிட்டே இருப்பாரு. தீ மொறுக் மொறுக்குன்னு திங்கும். ஆவி புஸ் புஸ்னு தரைக்கடியில குழாய் குழாயா ஓடும். கரண்ட் போச்சுன்னா லைப்ரரிக்குப் பின்னாடி ஒரு ஜெனரேட்டர் டபடபடபன்னு முழிச்சுக்கும். ரெண்டையும் யாரும் போய்ப் பார்த்தது கிடையாது. தண்ணி சுடற வரைக்கும் அது ஏன் சுடுதுன்னு யாரு கேக்கப் போறா?

அந்த யுனிவர்சிட்டிக்கு மாசிலாமணின்னு ஒரு துணைவேந்தர். பதவிக்காலம் முடியப் போகுது, நாற்காலியை விட்டு எந்திரிக்க மனசு வரல. அப்போ மேலிடத்துல சொன்னாங்களாம்: "ஒரு கமிட்டி அனுப்பறோம். உங்க யுனிவர்சிட்டி புகை இல்லாம, வெறும் வெயில்லயே ஓடுதுன்னு அவங்க சொல்லிட்டா, உங்களுக்கு நாற்காலி நிச்சயம்."

உடனே கூரை பூரா நீல நீலமா சோலார் பலகை வந்துடுச்சு. ரிப்பன் வெட்டுனாங்க, படம் பிடிச்சாங்க. பலகை மேல பனி சொட்டுச் சொட்டுன்னு சொட்டுச்சு. அதுல வந்த கரண்ட்ல ஒரு செல்போன் பாதி சார்ஜ் ஏறுச்சாம். அதுல சூடான தண்ணியா? கையை வச்சா விரல் மரத்துப்போகும்.

"அப்புறம்?"

அப்புறம் துணைவேந்தர் போஜனைக் கூப்பிட்டாரு. "போஜா, கமிட்டி போற வரைக்கும் பாய்லரை அணைச்சுடு."

"அணைச்சுடலாமுங்கய்யா. இட்லியை யாரு வேக வைப்பா?"

"சூரியன்."

"சரிங்கய்யா. வந்தா சொல்லி அனுப்புங்க."

தீயை அணைச்சாச்சு. கமிட்டியும் வந்துடுச்சு. கமிட்டின்னா நாலு பேரு. தலைவரு குரங்குக் குல்லா போட்டுக்கிட்டுப் பேசுவாரு, மத்த மூணு பேரும் தலையாட்டுவாங்க. காலையில தலைவரு கெஸ்ட் ஹவுஸ்ல ஷவரைத் திறந்தாரு. அடுத்த நிமிஷம், "அய்யய்யய்யோ!" கெஸ்ட் ஹவுஸே அதிர்ந்துபோச்சு.

"இதான் உங்க சோலாரா? சுடுதண்ணி வரலேன்னா நான் இப்பவே ஊருக்குக் கிளம்பறேன்!"

துணைவேந்தருக்கு நாற்காலி நழுவற மாதிரி இருந்துச்சு. ஓடுனாரு கொட்டகைக்கு. "போஜா, மூட்டுடா தீயை!"

"சூரியன் வரலீங்களா?"

"பேசாத, மூட்டு!"

ஈர விறகு. கொஞ்ச நேரத்துல தண்ணி சூடாச்சு, ஆனா வானம் முட்டப் புகை. தலைவரு குளிச்சு முடிச்சு, முகம் சிவந்து, சந்தோஷமா வெளிய வந்தாரு. மூக்கை உறிஞ்சுனாரு. "என்னய்யா புகை?"

துணைவேந்தர் கூடவே எஸ்தர்னு ஒரு பதிவாளர் அம்மா. இருபது வருஷமா இந்த மாதிரிக் கமிட்டிகளைப் பார்த்தவங்க. சட்டுனு சொன்னாங்க. "பனி சார்."

"வாசனை அடிக்குதே?"

"தைல மரத்துப் பனி சார். இங்க அப்படித்தான் அடிக்கும்."

தலைவரு ஆழமா மூச்சு இழுத்தாரு. "அருமை. நெஞ்சுச் சளிக்கு நல்லது." மூணு பேரும் தலையாட்டுனாங்க.

தூங்கிட்டியா?

"ம்ஹூம். சொல்லு."

அப்புறம் பெரிய ஹால்ல கூட்டம். துணைவேந்தர் மைக்கைப் பிடிச்சாரு. "வெளிக் கரண்ட் எங்களுக்கு ஒரு சொட்டுக்கூட வேண்டாம்"னாரு. பொசுக்! கரண்ட் போயிடுச்சு. ஒரே இருட்டு. துணைவேந்தர் நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு. அப்போ வெளிய டப… டப… டபடபடபடப! பளிச்சுன்னு லைட்டு.

"அது என்னம்மா சத்தம்?"

"இசைத்துறை சார். தவில் வகுப்பு."

"அடிச்சதும் லைட்டு வந்துடுச்சே!"

"வாசிப்பு அப்படி சார்."

அப்புறம் சாயங்காலம் சுத்திப் பார்க்கக் கிளம்புனாங்க. குளிர் கிடுகிடுன்னு நடுக்குது. மெஸ்ஸுக்குப் பின்னாடி ஒரு சுவத்தை ஒட்டி ஊர்ப்பட்ட நாய் படுத்திருக்கு. தலைவரு சுவத்துல கை வச்சாரு. கதகதன்னு இருந்துச்சு. திரும்பி முதுகை ஒட்டி வச்சுக்கிட்டாரு. நாய்களும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டுச்சு.

"இது என்ன கட்டடம்?"

"யோகா மையம் சார். உள்ள மூச்சுப் பயிற்சி நடக்குது, அதான் சூடு."

அந்த நேரம் பார்த்து பாய்லர் வால்வு புஸ்ஸ்ஸ்ஸ்னு ஆவியை விட்டுச்சு. துணைவேந்தர் கண்ணை மூடிக்கிட்டாரு.

"நல்லா விடறாங்கம்மா மூச்சை"ன்னாரு தலைவரு. நகரவே இல்ல. அரை மணி நேரம் அங்கயே நின்னாரு.

கிளம்பறப்போ தலைவருக்கு ஒரே ஒரு சந்தேகம் வந்துச்சு. "நான் வந்ததுலேருந்து வெயிலையே பார்க்கல. தண்ணி மட்டும் எப்படிக் கொதிக்குது?"

எஸ்தர் அம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள துணைவேந்தர் முந்திக்கிட்டாரு. "எங்க பலகையோட விசேஷமே அதான் சார். பனியில இன்னும் நல்லா வேலை செய்யும்."

எஸ்தர் அம்மா நெத்தியில கை வச்சுக்கிட்டாங்க.

"ஏன்?"

கேளு. கமிட்டி போயி ஆஹா ஓஹோன்னு எழுதிக் குடுத்துச்சு. ஒரு நாள் மேலிடத்துலேருந்து துணைவேந்தருக்குப் போன். ஓடிப் போய் எடுத்தாரு. "வாழ்த்துகள் சார்! மூணு வருஷம் எதிர்பார்த்தீங்க, அஞ்சு வருஷமாக் குடுத்திருக்கோம்!"

"ரொம்ப நன்றிங்க! இதே நாற்காலி தானுங்களே?"

"இல்ல சார், அதைவிட உசரம். பனியில கொதிக்கற தண்ணியைக் கண்டுபிடிச்சவர் நீங்க. எதிர் மலையில, எல்லாத்துக்கும் மேல, உங்களுக்குன்னே ஒரு சோலார் ஆராய்ச்சி நிலையம் கட்டியாச்சு. அதுக்கு நீங்கதான் இயக்குநர், குடியிருப்பும் அங்கயே. உங்க பேச்சை நம்பி விறகு, கேஸு, ஜெனரேட்டர் எதுவும் வைக்கல."

எதிர் மலை இதைவிடக் குளிராம். அங்க போற குருவிகூடத் திரும்பி வந்துடுமாம். வேண்டாம்னு சொல்ல முடியுமா? சொன்னா, ஏன்னு கேப்பாங்க. போனாரு. மாலை போட்டு, மேளம் அடிச்சு அனுப்பி வச்சாங்க. இங்க எஸ்தர் அம்மா பொறுப்புத் துணைவேந்தர் ஆனாங்க.

அங்க மாசிலாமணி ஐயாவுக்கு முதல் நாள் காலை. சுத்திலும் நூறு பலகை, அத்தனையிலயும் பனி. நல்ல பெரிய நாற்காலி, தேக்குல. துண்டைக் கட்டிக்கிட்டுக் குழாயைத் திறந்தாரு. சில்ல்ல்ல்! மூடிட்டாரு. நாற்காலியைத் தூக்கிட்டு வந்து பலகைக்கு முன்னாடி போட்டு, வானத்தைப் பார்த்து உக்காந்தாரு. பேப்பர்காரங்க வந்து படம் எடுத்துட்டுப் போனாங்க. 'சூரியனுடன் தனிமையில் ஒரு விஞ்ஞானி'ன்னு அடுத்த நாள் முதல் பக்கத்துல போட்டாங்க.

"அப்புறம் குளிச்சாரா அத்தை?"

இல்லடி பொம்மி. இன்னும் துண்டோடதான் உக்காந்திருக்காராம். கதைக்குத் தீ அணைஞ்சாச்சு, சூடு ஆறறதுக்குள்ள கண்ணை மூடித் தூங்கு.