கூப்பிடு தூரம்

“அம்மா, நான் கட்டும் பாலம் எதுவும் நான் சொன்ன தொகையில் முடிவதில்லை. ஏன்?”

கேட்டவர் தலைமைப் பொறியாளர் திருமேனி. எதிரே அமர்ந்திருந்தவர் மலைமேல் மடத்தின் தலைவி சிவஞானவல்லி அம்மையார். திருமேனியைவிட வயதில் இளையவர்.

மறுநாள் ஓர் ஆற்றுப்பாலத்தின் மதிப்பீட்டில் திருமேனி கையெழுத்திட வேண்டும். உள்ள தொகையை எழுதினால் அனுமதி கிடைக்காது. பாதியாக்கி எழுதும்படி மேலிடம் சொல்லியிருந்தது. மழைக்காலத்தில் அக்கரை மக்களுக்குப் பரிசலைத் தவிர வேறு வழியில்லை என்றும் அவர் சொன்னார்.

“தூண் எழுந்துவிட்டால் யாரும் வேலையை நிறுத்தமாட்டார்கள், அம்மா. தொடங்குவதற்காகச் சொல்லும் பொய்தான்.”

வழியில் உங்களிடம் யாரேனும் ஏதேனும் கேட்டார்களா என்று அம்மையார் விசாரித்தார்.

அடிவாரத்தில் மாடத்தி என்றொரு பெண், முழங்காலைத் தடவியபடி, கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தாள்.

“என்ன சொன்னீர்கள்?”

“கூப்பிடு தூரம் என்றேன்.”

“அப்படியா?”

“இல்லை. உள்ளதைச் சொன்னால் திரும்பிவிடுவாள். பிள்ளைக்காக நேர்ந்துகொண்டு வந்தவள்.”

“நல்ல மனம். அவள் எதுவரை வந்திருக்கிறாள் என்று பார்த்து வாருங்கள்.”

திருமேனி இறங்கினார்.

பாதி மலையில், பாறையொன்றின்மேல் மாடத்தி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

“கூப்பிடு தூரம்னியளே, ஐயா. கூப்பிட்டுப் பாத்தேன். சாமி ஏன்னு கேக்கல.”

திரும்பிவிடுவாய் என்று நினைத்துச் சொன்னேன் என்றார் அவர்.

“திரும்பவா? நேர்ச்சையாச்சே. டோலியில வந்திருப்பேன். தூக்கிட்டுப் போறோம்னு கீழயே கூப்பிட்டாங்க. பக்கத்துலதானேன்னு நாந்தான் வேண்டாம்னுட்டேன்.”

திருமேனி அடிவாரம்வரை இறங்கினார். டோலிக்காரர்கள் இரட்டைக் கூலி கேட்டார்கள். பாதி வழிக்கு இரட்டைக் கூலியா என்றார் அவர்.

மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “நடுவழியில உக்காந்தவுகளுக்குப் பேரம் கெடையாது, சார்.”

கொடுத்தார்.

டோலி மடத்து வாசலுக்கு வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மாடத்தி இறங்கி, பக்கத்திலிருந்த கோயிலை நோக்கிக் கும்பிட்டாள். பிறகு திருமேனியைப் பார்த்தாள்.

“கீழ போக எம்புட்டு நேரமாவும்? இப்பவாச்சும் பாத்துச் சொல்லுங்க.”

அவர் அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் விளக்குத் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“இந்தக் காலோடு நடந்தால் இருட்டிவிடும்” என்றார் திருமேனி.

மாடத்தி முகம் சுளிக்கவில்லை. டோலிக்காரர்களை இருக்கச் சொல்லி, இறங்குவதற்கான கூலியை அப்போதே பேசி முடித்துவிட்டு, கோயிலுக்குள் போனாள்.

திருமேனி கைபேசியில் தம் உதவிப் பொறியாளரை அழைத்தார். பாதியாக்க வேண்டாம், முழுத் தொகையையே எழுதுங்கள் என்றார்.

மறுத்துவிடுவார்களே என்று மறுமுனை தயங்கியது.

“மறுக்கட்டும். தெரிந்து மறுக்கட்டும்.”