வரைபடத்தில் இல்லாத குழி

உப்பளங்களுக்கு நடுவே இருந்தது அந்தச் சிறு விமானத்தளம். வெயில் ஏறும் நேரத்தில் அங்கே தரை எது, வானம் எது என்று தெரியாது. கொட்டகைக்குள் நிற்கும் அருளப்பனின் பழைய விமானம் அப்போது தண்ணீரில் மிதப்பதுபோல இருக்கும்.

இங்கே சீடருக்கு வயது அறுபதுக்கு மேல். குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. குரு, விமானப் பொறியாளர் பூங்கோதை. அவள் கையெழுத்துப் போடாமல் அந்த விமானம் எழும்ப முடியாது. முதலில் கேலியாகத்தான் அவளைக் குருவே என்றார் அருளப்பன். அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது.

அவரும் மனைவி செலினும் அந்த விமானத்தில் பறந்து திரிந்தவர்கள். மேலே போனபின் யார் வேண்டுமானாலும் ஓட்டுவார்கள். இறக்குவது மட்டும் எப்போதும் செலின்தான். போன வருஷம் அவள் இறந்துபோனாள். அதிலிருந்து விமானம் கிளம்பவேயில்லை. ஒரு தடவையாவது தானே பறந்து, தானே இறங்கிவிட வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு.

ஆனால் ஃபிளாப் லீவரில் விரிசல். இறங்கும்போது இறக்கையின் பின்மடலைத் தாழ்த்தும் கைப்பிடி அது. விமானத்தைச் செய்த கம்பெனியை என்றோ மூடியாயிற்று. சொந்த விமானத்துக்கு உரிமையாளரே பாகம் செய்துகொள்ள விதி இடம் கொடுத்தது. பூங்கோதையிடமே அரம் பிடிக்கக் கற்று, மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். முகத்தில் பெருமை வழிந்தது.

அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இந்தக் குழி எதுக்கு ஐயா?"

"பழசுல இருக்கே. செலின் பெருவிரல் பட்டுப் பட்டுத் தேஞ்ச இடம். மயிரிழை பிசகல, அளந்து பாருங்க குருவே."

"பழசு விரிசல் விட்டது அந்தக் குழியிலதான்."

"பாத்துப் பதனமா ஓட்டிக்கிடுதேன்."

"கம்பெனி வரைபடத்துல உள்ளபடிதான் செய்யணும். அதுல குழி இல்ல."

"வரைஞ்சவனுக்கு என் பொண்டாட்டியத் தெரியுமா?"

பூங்கோதை லீவரை மேசையிலிருந்த வைஸின் பிடிக்குள் இறுக்கினாள். அதன் முனையில் ஒரு குழாயைச் செருகி, பலம் கொண்டமட்டும் இழுத்தாள். சரியாகக் குழி இருந்த இடத்தில் அது மடங்கியது.

செலின் இரண்டாம் முறை செத்ததுபோல இருந்தது அருளப்பனுக்கு. விறுவிறுவென்று வெளியேறினார்.

கொஞ்ச நாள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. வீட்டில் கோபம் சோற்றுத் தட்டின்மேல் போயிற்று. கோபம் ஆறியதும் மறுபடி அரத்தை எடுத்தார்.

இந்த முறை லீவர் வரைபடத்தில் உள்ளபடியே இருந்தது. விளிம்புகள் நேராக, முழுதாக. பூங்கோதை அளந்தாள். விமானத்தில் பொருத்தினாள். உட்காரச் சொன்னாள்.

தயங்கித் தயங்கி, செலினின் இருக்கையில் உட்கார்ந்தார். எதிரே வெள்ளை வெளி. நின்ற இடத்திலேயே விமானம் பறப்பதாக அவருக்குத் தோன்றியது. இனி அவள் இறக்கிவிடுவாள் என்று கொஞ்சநேரம் காத்திருந்தார். பிறகு தன் கையாலேயே லீவரை இழுத்தார்.

"விரலைக் கடிக்குது, குருவே."

பூங்கோதை கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"புதுசுல அவங்களுக்கும் கடிச்சிருக்கும், ஐயா."